லண்டனில் 28 டிகிரிக்கே அலறல், சென்னையில் 35 சர்வ சாதாரணம்: ஊருக்கு ஊர் வெயில் ஏன் வேற மாதிரி சுடுது?

"மச்சான், இங்க 28 டிகிரி, சுத்தமா தாங்க முடியலடா" என்று லண்டனில் இருந்து ஒரு மெசேஜ் வரும். அடுத்த நொடியே சென்னையில் இருந்து பத்து சிரிப்பு இமோஜி விழும். "எங்களுக்கு அது மார்கழி மாசம்டா" என்று ஒருவர், "துபாய்ல 43, கம்முனு இரு" என்று இன்னொருவர். மெல்போர்னில் இருப்பவர் ஸ்வெட்டர் போட்ட செல்ஃபி அனுப்புவார். டொரண்டோக்காரர் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த ரக்கூன் படத்தைப் போடுவார்.

கல்லூரி நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று நாலு நாட்டில் ஆள் இருக்கும் எந்தத் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தப் போட்டி உண்டு. ஆனால் இந்தக் கிண்டலுக்குள்ள ஒரு ஆபத்தும் இருக்கு. வெறும் டிகிரி எண்ணை வச்சு "உன் ஊர் வெயிலெல்லாம் ஒரு வெயிலா" என்று முடிவு பண்ணினால், உண்மையில் யாருக்கு ஆபத்து என்பதைத் தவறவிடுவோம். ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பா, வளைகுடாவில் வெளி வேலை பார்க்கும் அண்ணன், முதல் முறை பனியைப் பார்க்கப்போகும் மாணவர் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஒரே எண் ஊருக்கு ஊர் ஏன் வேறு அர்த்தம் தருகிறது? ஒவ்வொரு ஊரிலும் எதைப் பார்த்துப் பயப்படணும்? நம்ம ஊர்ப் பறவைகள் அங்கே என்ன பண்ணுது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அந்த எண்ணை எங்கே அளக்கிறார்கள்?

செய்தியில் "சென்னையில் இன்று 38 டிகிரி" என்று சொன்னால், அது அண்ணாசாலை சிக்னலில் நிற்கும் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் சூடு அல்ல. வெள்ளை பெயின்ட் அடித்த, காற்று புகுந்து வரும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. தரையில் இருந்து சுமார் ஆளுயரத்தில், வெயில் நேராகப் படாமல் அதை வைத்திருப்பார்கள். அதாவது அது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை.

உலகம் முழுக்க ஏறக்குறைய இதே முறைதான். அதனால் ஊர்களை ஒப்பிட இந்த எண் உதவும். ஆனால் தார் ரோட்டில், தகரக் கூரைக்குக் கீழே, ஹெல்மெட்டுக்குள்ளே இருக்கும் சூடு இதைவிடப் பல டிகிரி அதிகம். எண் ஒன்றே என்றாலும் அதை அனுபவிக்கிற உடம்பு இருக்கும் இடம் வேறு.

40 டிகிரியை விட 35 டிகிரி ஆபத்தா?

ஆமாம், சில நேரம் அப்படித்தான். காரணம் ஈரப்பதம்.

நம் உடம்பு சூட்டை வெளியே தள்ள முக்கியமாக நம்பியிருப்பது வியர்வையை. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் தோலில் இருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. சட்டை நனையுமே தவிர, உடம்பு குளிராது. சென்னையில் நாம் "புழுக்கம்" என்று சொல்வது இதைத்தான்.

இதை அளக்க விஞ்ஞானிகள் பயன்படுத்துவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, காற்று படும்படி வைத்தால் அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். வியர்த்த உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதற்கு அது ஒரு கணக்கு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காற்று வறண்டிருந்தால் பானை நன்றாகக் குளிரும், புழுக்கமான நாளில் சரியாகக் குளிராது.

இப்போது கணக்கைப் பாருங்க.

- மெல்போர்னில் பாலைவனக் காற்று வீசும் நாள்: 40 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 21 டிகிரி.
- சிங்கப்பூரில் ஒரு சாதாரண மதியம்: 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 27.5 டிகிரி.
- சென்னையில் கடல்காற்று வந்த பிறகு: 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 28.5 டிகிரி.

எண்ணில் பெரியது மெல்போர்ன். ஆனால் உடம்பு குளிர முடியாமல் திணறுவது சென்னையில்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், ஆரோக்கியமான மனிதர் நிழலில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களை வைத்து நேரடியாகச் சோதித்தபோது, ஈரப்பதம் அதிகமான சூழலில் அந்த எல்லை சுமார் 31 டிகிரியிலேயே வந்துவிட்டது. வயதானவர்களுக்கு இன்னும் கீழேயே வரலாம். நம்ம ஊர் 28.5 அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கு பாருங்க.

வறண்ட 40 டிகிரி பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் இருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். புழுக்கத்தில் உடம்பு குளிராமல் திணறும், வறட்சியில் தண்ணீர் வற்றும். இரண்டும் ஆளைச் சாய்க்கும், வழிதான் வேறு.

கடல்காற்று வந்தா நல்லதுதானே?

சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அன்றைக்குக் கடல்காற்று தாமதமாக வந்திருக்கும், அல்லது வராமலே போயிருக்கும். மேற்கில் இருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால், கடல்காற்றை ஊருக்குள் விடாது. 2003-ம் ஆண்டு மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரிதான் சென்னையின் உச்சம்.

கடல்காற்று வந்ததும் வெப்பநிலை மூணு நாலு டிகிரி இறங்கும், ஈரம் ஏறும். நடந்து போகிறவருக்குக் காற்று பட்டு நிம்மதியாக இருக்கும். ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவருக்குப் புழுக்கம்தான் மிஞ்சும்.

அதைவிட முக்கியம் ராத்திரி. கோடையில் சென்னையில் இரவு வெப்பநிலை 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. பகலில் வாங்கிய சூட்டை உடம்பு இறக்கி வைக்க வேண்டிய நேரம் இரவு. அதுவும் கிடைக்காமல் போனால், நாலாவது நாள், ஐந்தாவது நாள் வயதானவர்கள் சுருண்டு விழுகிறார்கள். "பகல்ல எவ்ளோ?" என்று மட்டும் கேட்காமல் "ராத்திரி எவ்ளோ இருந்துச்சு, தூக்கம் வந்துச்சா?" என்றும் கேட்கணும் என்பது இதனால்தான்.

அப்போ லண்டன்காரர் 28 டிகிரிக்கு அலறுவது நடிப்பா?

இல்லவே இல்லை. மூன்று காரணம் இருக்கு.

முதல் காரணம் வீடு. குளிரைத் தாங்கக் கட்டிய வீடுகள் அவை. உள்ளே வந்த சூடு வெளியே போகாமல் இருக்கணும் என்பதுதான் வடிவமைப்பு. குளிர்காலத்தில் வரம், வெயில் காலத்தில் சாபம். பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது, சீலிங் ஃபேனும் கிடையாது.

இரண்டாவது உடம்பின் பழக்கம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் உப்பைக் குறைத்துக்கொள்ளும். லண்டனில் வெயில் மூன்று நாள் வந்துவிட்டுப் போய்விடும். பழகுவதற்குள் முடிந்துவிடும். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கூட அங்கே பத்து வருடம் இருந்தால் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுவார். மே மாத லீவில் ஊருக்கு வந்து முதல் வாரமே படுத்துக்கொள்வது இதனால்தான்.

மூன்றாவது, பகலின் நீளம். ஜூன் மாதம் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். வெயில் சுவரை அடிக்கும் நேரமே அதிகம்.

இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு நாடும் "வெப்ப அலை"க்குத் தனித்தனி வரையறை வைத்திருக்கிறது. பிரிட்டனில், லண்டன் பகுதியில் தொடர்ந்து மூன்று நாள் 28 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலை. ஸ்காட்லாந்தில் 25 டிகிரியே போதும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், சமவெளியில் குறைந்தது 40 டிகிரி இருக்கணும், அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்கணும். வழக்கம் எதுவானாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலைதான். கடலோரப் பகுதிக்கு 37 டிகிரி, மலைப்பகுதிக்கு 30 டிகிரி என்று தனி அளவு. ஆக, ஊட்டிக்கும் திருத்தணிக்குமே ஒரே அளவுகோல் கிடையாது. லண்டனுக்கும் சென்னைக்கும் எப்படி இருக்கும்?

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் 40-ஐத் தாண்டியது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. அதற்கு முந்தின நாள் லண்டன் அருகே லூட்டன் விமான நிலைய ஓடுபாதையின் மேற்பரப்பு வெயிலில் சேதமாகி விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டு கோடையின் வெப்ப அலை நாட்களில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 2,900-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நிகழ்ந்ததாக அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. "28-க்கே அலறுறாங்க" என்று சிரிப்பதற்கு முன்னால் இந்த எண்ணை ஒரு முறை நினைத்துப் பார்க்கணும்.

கனடா குளிர் நாடுதானே, அங்க என்ன வெயில்?

2021 ஜூன் 29 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் காட்டுத்தீ அந்த ஊரின் பெரும்பகுதியை எரித்தது. அந்த வெப்ப அலையில் மாகாணம் முழுக்க 619 பேர் இறந்ததாக அங்குள்ள மரண விசாரணை அதிகாரிகள் அறிவித்தார்கள். பெரும்பாலானோர் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். பலரும் வயதானவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள்.

டொரண்டோவில் இருக்கும் ஈழத்தமிழ், தமிழகக் குடும்பங்களுக்கு "ஹியூமிடெக்ஸ்" என்ற சொல் பழக்கமானது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து "உடம்புக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லும் கனடாவின் அளவுகோல் அது. வெப்பநிலை 30 டிகிரிதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்றால் ஹியூமிடெக்ஸ் 41 என்று வரும். அங்கிருந்து ஒருவர் "இன்னிக்கு 41" என்று சொன்னால், "வெப்பநிலையா, ஹியூமிடெக்ஸா?" என்று கேட்டுக்கொள்ளுங்க. குரூப் சண்டையில் பாதி இதில்தான் வரும். ஒருவர் நிஜ வெப்பநிலையைச் சொல்வார், இன்னொருவர் "ஃபீல்ஸ் லைக்" எண்ணைச் சொல்வார்.

குளிரிலும் இதே கதைதான். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 26 போல இருக்கும். இதை "விண்ட் சில்" என்பார்கள். அது மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. ஜனவரியில் போய் இறங்கும் மாணவர்கள் முதலில் வாங்க வேண்டியது கனமான ஜாக்கெட் மட்டும் இல்லை, காதையும் விரலையும் மூடுபவற்றையும்தான்.

துபாயில் ஒரு நாள் மழைக்கே ஊர் மிதக்குது, ஏன்?

2024 ஏப்ரல் 16. அமீரகத்தில் அல் ஐன் பகுதியில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் மழை. 1949-ல் பதிவுகள் தொடங்கியதில் இருந்து அதுதான் உச்சம். துபாய் விமான நிலையமே தண்ணீருக்குள் நின்றது.

நம் கணக்கில் அது 25 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். "25-க்கே இப்படியா?" என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கணும். துபாயில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர். துபாயில் மழைநீர் வடிகால், சாலையின் சரிவு, தண்ணீர் உறிஞ்சும் மண் எதுவுமே இவ்வளவு மழைக்கு ஏற்றபடி இல்லை.

"செயற்கை மழை போட்டதால்தான் வெள்ளம்" என்று அப்போது நிறைய ஃபார்வர்டு சுற்றியது. புயல் நேரத்தில் மேக விதைப்பு செய்யவில்லை என்று அமீரகத்தின் தேசிய வானிலை மையம் மறுத்தது. இவ்வளவு பெரிய பரப்பில் இவ்வளவு மழையை மேக விதைப்பால் வரவைக்கவும் முடியாது. பல நாள் முன்பே கணிக்கப்பட்ட பெரிய மழை மண்டலம் அது.

வெயிலைப் பொறுத்தவரை, வளைகுடாக் கரையும் சென்னை மாதிரி ஈரமானதுதான். ஆகஸ்டில் அங்கே இரவுப் புழுக்கம் சென்னையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால்தான் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளி வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கு. சிங்கப்பூரில் வெயில், காற்று, ஈரம் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஒரு குறியீடு உண்டு. அது 32-ஐத் தொட்டால், கடினமான வெளி வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரணும். அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். மரணத்துக்குக் காரணம் வெப்பம்தான் என்று பதிவாவது இதில் முக்கியம்.

மெல்போர்னில் ஏன் எல்லாமே தலைகீழ்?

பூமி சாய்ந்து சுற்றுகிறது. வடக்கு அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும்போது தெற்கு விலகியிருக்கும். அதனால் நமக்கு அக்னி நட்சத்திரம் முடியும் நேரம் மெல்போர்னில் குளிர்காலம் தொடங்கும். நமக்குப் பொங்கல் என்றால் அவர்களுக்கு உச்சி வெயில்.

இன்னொரு வித்தியாசம் நிறைய பேர் கவனிப்பதில்லை. மெல்போர்னில் மதியச் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் இருக்கும். "வடக்குப் பார்த்த வீடு" என்றால் அங்கேயும் விலை அதிகம், ஆனால் வாஸ்துவுக்காக இல்லை. குளிர்காலத்தில் வெயில் வீட்டுக்குள் வரணும் என்பதற்காக. லண்டனில் இதே காரணத்துக்குத் தெற்குப் பக்கத் தோட்டத்துக்கு மவுசு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் ஒவ்வொரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. லண்டனிலும் மெல்போர்னிலும் இது ஒருநாளும் நடக்காது.

"ஒரே நாளில் நாலு பருவம்" என்று மெல்போர்னைச் சொல்வார்கள். வடக்கே பாலைவனம், தெற்கே குளிர்ந்த கடல். காற்று வடக்கில் இருந்து வந்தால் அடுப்பு. திசை மாறித் தெற்குக் காற்று வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஆனால் தீ எரியும் நாளில் அந்தத் திசை மாற்றமே எமன். 2009 பிப்ரவரி 7-ல் மெல்போர்னில் 46.4 டிகிரி. அன்று விக்டோரியா மாநிலத்தில் பரவிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். காற்று திசை திரும்பியதும் நீளமாக எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் புதிய தீ முகப்பாக மாறியது. அதற்குச் சில நாள் முன்பு வந்த வெப்ப அலையில் இறந்தவர்கள் அதைவிட அதிகம், 374 கூடுதல் மரணங்கள். டிவியில் தெரிவது தீ. வெப்பம் சத்தமில்லாமல் அதைவிட அதிகம் பேரைக் கொண்டுபோனது.

"டேய், இது நம்ம ஊர்க் கிளி மாதிரியே இருக்கே!"

நண்பர்கள் அனுப்பும் படங்களில் இது அடிக்கடி வரும். மாதிரி இல்லைங்க, அதேதான்.

லண்டன் பூங்காக்களில் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளி, நம்ம ஊர்ச் சிவப்பு ஆரக்கிளியின் இனம். வளர்ப்புப் பறவையாகப் போய், கூண்டில் இருந்து தப்பியும் திறந்துவிடப்பட்டும் பெருகியவை. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்று அங்கே ஒரு கதை உண்டு. 2019-ல் வந்த ஓர் ஆய்வு, அதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்து வைத்தது.

மெல்போர்னில் நம்ம மைனாவை 1860-களில் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சியைத் தின்னும் என்று நம்பினார்கள். இன்று உள்ளூர்ப் பறவைகள் கூடு வைக்கும் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டதால், அங்கே அது வேண்டாத விருந்தாளி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் மைனாவும் இருக்கு.

காக்கையின் கதை இன்னும் நெருக்கம். 1890-களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையில் இருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் காக்கைகளைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பெருகிய காக்கைகள் இன்று சிங்கப்பூருக்கும் தலைவலி. நாம் அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் அதே காக்கையை, அங்கே கூடு கலைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கு. மெல்போர்ன் பக்கத்து மலைக்காட்டுக்குப் போன தமிழர்கள் "அப்படியே ஊட்டி வாசனை" என்பார்கள். உண்மையில் ஊட்டியில் வருவதுதான் ஆஸ்திரேலியா வாசனை. யூகலிப்டஸ், அதாவது நம்ம தைல மரம், அந்த நாட்டு மரம். 19-ம் நூற்றாண்டில் விறகுக்காக நீலகிரியில் நட்டார்கள். கூடவே வந்த சீகை மரமும் சேர்ந்து, மழைநீரைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஆற்றுக்கு விடும் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. மைனாவைப் பார்த்து ஆஸ்திரேலியர்கள் புலம்புவதும், சீகையைப் பார்த்து நீலகிரி ஆய்வாளர்கள் புலம்புவதும் ஒரே புலம்பல்தான்.

ரக்கூனுக்குப் பூட்டு, மேக்பைக்கு ஹெல்மெட்

டொரண்டோவில் ரக்கூன்கள் குப்பைத் தொட்டியைத் திறக்கும் சாமர்த்தியத்துக்குப் பெயர் போனவை. 2016-ல் மாநகராட்சி, ரக்கூன் திறக்க முடியாத பூட்டு வைத்த புதுத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. அதையும் திறந்த கில்லாடிகள் உண்டு.

மெல்போர்னில் வசந்த காலத்தில், அதாவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மேக்பை பறவை கூடு பக்கம் போகிறவர்களின் தலையைக் கொத்த வரும். சைக்கிள் ஓட்டிகள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு போவார்கள். கோடையில் கூடு கட்டும் காக்கையிடம் தட்டு வாங்கியவர்களுக்கு இது புதுசா என்ன?

சிங்கப்பூரின் செல்லம் நீர்நாய். சிங்கப்பூர் நதியை 1977 முதல் 1987 வரை பத்து வருடம் சுத்தம் செய்தார்கள். 1990-களின் கடைசியில் நீர்நாய்கள் அங்கே திரும்பத் தொடங்கின. இப்போது நகரின் நடுவே குடும்பம் குடும்பமாகச் சாலையைக் கடக்கின்றன, வீட்டுத் தொட்டியில் உள்ள விலை உயர்ந்த மீன்களையும் ருசி பார்க்கின்றன. அதே இன நீர்நாய் நம்ம காவிரியிலும் மாயாற்றிலும் இருக்கு. ஆறு சுத்தமானால் அது தானாக வரும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி.

துபாயின் ராஸ் அல் கோர் சதுப்பு நிலத்தில், வானுயரக் கட்டடங்களுக்கு முன்னால் பூநாரைகள் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீங்க. அதே இனப் பூநாரை பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் வந்து இறங்கும். மூன்று இடமுமே ராம்சார் அங்கீகாரம் பெற்ற ஈரநிலங்கள். பள்ளிக்கரணைக்கு அது 2022-ல்தான் கிடைத்தது.

சரி, குரூப்ல என்ன பண்ணலாம்?

கிண்டல் பண்ணுங்க, தப்பில்லை. கூடவே சிலதைப் பழக்கமாக்குங்க.

- வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் இரவு வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்லுங்க. மொபைல் ஆப்பில் இரண்டுமே இருக்கும்.
- "ஃபீல்ஸ் லைக்" எண்ணா, நிஜ வெப்பநிலையா என்று தெளிவாகச் சொல்லுங்க.
- புது ஊருக்குப் போகிறவர் முதல் இரண்டு வாரம் வெயிலில் கடின வேலையைக் குறைக்கணும். லீவில் ஊருக்கு வருபவருக்கும், வளைகுடாவில் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கும் இது பொருந்தும்.
- ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களை வெப்ப அலை நாட்களில் காலையும் மாலையும் கூப்பிடுங்க. தண்ணீர் குடிச்சாங்களா, சிறுநீர் சரியாகப் போகுதா, தலை சுத்துதா என்று கேளுங்க. பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்ப மயக்கத்தின் அறிகுறி. உடனே பக்கத்து வீட்டாரை அனுப்புங்க, 108-ஐ அழைக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறணும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
- பறவை, விலங்குப் படங்களைக் குரூப்போடு நிறுத்தாமல் இ-பேர்ட், ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களிலும் போடலாம். எந்த உயிரினம் எங்கே, எப்போது வருகிறது என்று ஆய்வாளர்கள் பார்ப்பது இப்படிச் சேரும் பதிவுகளையும் வைத்துத்தான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. குறைந்தது 15 நிமிடம் மொட்டை மாடியில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும்.

காக்கை, மைனா, கிளி தவிர வேறு எதுவும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அந்த மூன்றையும் எண்ணிப் போட்டாலே அது பயனுள்ள பதிவுதான்.